மைக் கட்டியவனுக்கு ஐந்து நிமிடம்

மின்சாரத் தொழிலில் நோயாளி வாய் திறந்து எங்கே வலிக்கிறது என்று சொல்லமாட்டார். ஒன்று செத்தது போலக் கிடப்பார், இல்லை தொட்டவனை உதைப்பார். அறுந்த ஒயரையும் ஆடுகிற பிளக்கையும் பிடித்து வயிறு வளர்த்த சகோதரர்களுக்கு இது தெரியும். ஸ்விட்சைத் தட்டிவிட்டு இருட்டில் நின்று எங்களைத் திட்டியவர்களும் ஒரு வகையில் கூடப் பிறந்தவர்கள்தான். ஒரே லூஸ் கனெக்‌ஷனால் இரண்டு பக்கமும் அவதிப்பட்டவர்கள் நாம்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சத்தைத் துண்டுப் பிரசுரங்களில் படித்தேன். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, சித்தூர் ஜில்லா யாருக்கு என்று இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலம். தமிழ்ப் பகுதி தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கொடி பிடித்தேன், அடி வாங்கினேன், சிறைக்குப் போனேன். வெளியே வந்தபோது மாலை போட்டார்கள். மாலை மறுநாளே வாடிவிட்டது, வேலை மட்டும் யாரும் தரவில்லை. அதனால் சுப்பராயுடுவோடு கூட்டுச் சேர்ந்து சித்தூர் பஜார் தெருவில் ஒயரிங் கடையும் வாடகை மைக் செட்டும் வைத்தேன். சுப்பராயுடு என்னைவிட இளையவன், தெலுங்கன், வேலையில் படு சுத்தம். ஜில்லா முழுக்க ஆந்திராவுக்கே என்று சொல்லுகிற எதிர்க் கமிட்டியில் அவன் உறுப்பினன். கடைக்குள் எல்லையைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். பேசவேண்டுமானால் தெருவில் இறங்கிச் சண்டை போட்டுவிட்டு உள்ளே வந்து வேலையைப் பார்ப்போம்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. எங்கள் கமிட்டி மேடையில் ஐந்து நிமிடம் பேசவேண்டும். கமிட்டித் தலைவரான வக்கீல் ஐயா ஒவ்வொரு கூட்டத்திலும் என் தோளைத் தட்டி, அடுத்த கூட்டத்தில் உனக்குத்தான் என்பார். தட்டிவிட்டு, மைக் கொஞ்சம் உயரமாக இருக்கிறது, இறக்கிவை என்பார். பேச்சு எனக்கு மனப்பாடம். மைக் எனக்கு அத்துபடி. இரண்டையும் இணைக்கத்தான் வழி பிறக்கவில்லை.

சாமி கொடுத்த ஷாக்

திருப்பதியில் ஒரு சத்திரம். கூடத்து விளக்குகள் ஆள் இல்லாதபோது அழகாக எரியும். யாத்திரிகர்கள் குளத்தில் முழுகிவிட்டு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். கூட்டம் அதிகமானால் வெளிச்சம் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று சத்திரத்து மணியக்காரர் நம்பிக்கொண்டிருந்தார். மின்சாரம் பந்தியில் பரிமாறுகிற சாம்பார் இல்லை என்று அவருக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். எனக்கு முன்னால் வேலை செய்த புண்ணியவான் மரச்சட்டத்தை மிச்சம் பிடிப்பதற்காக, நூல் சுற்றிய ஒயரை இந்தச் சுவரிலிருந்து அந்த உத்தரம் வரைக்கும் அந்தரத்திலேயே இழுத்து விட்டிருந்தான். குளித்துவிட்டு வந்தவர்கள் ஈர வேட்டியையும் புடவையையும் அதன்மேல் வரிசையாக உலர்த்தியிருந்தார்கள். பாரம் தாங்காமல் உத்தரத்து இணைப்பில் ஒயர் பாதி பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. மேலே சுற்றிய நூல் நைந்து செம்பு பல்லை இளித்துக்கொண்டிருந்தது. மெயினை அணைத்து, நைந்த துண்டை வெட்டி எறிந்து, புது ஒயரைச் சட்டத்தில் கிளிப் போட்டு ஓட்டினேன். கூடவே ஒரு கயிற்றுக் கொடியும் கட்டினேன். உண்மையான ரிப்பேர் அந்தக் கயிறுதான்.

புதிதாக மொட்டை அடித்து, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு ஒரு பெரியவர் தூணோரம் உட்கார்ந்திருந்தார். ஒயரில் வேட்டியை முதலில் போட்டவர் அவர்தான். ஷாக் அடிக்கவில்லையா என்று கேட்டேன். நிதானமாகச் சொன்னார்: "தொட்டதும் உடம்பெல்லாம் ஜிவ்வுனு ஏறிச்சு தம்பி. மொட்டை போட்டதுக்கு சாமி இன்னாவோ சொல்றாருன்னு நெனைச்சு இன்னொரு தபா தொட்டேன்."

ஆணியின் பெருமை

பங்காருபாளையத்தில் ஒரு மாங்காய் மண்டிக்காரர் கொட்டகைக்குப் புதிதாகக் கரண்ட் இழுத்திருந்தார். சீசனில் வாரம் தவறாமல் ஆள் அனுப்புவார். பீஸ் போய்விட்டது, வா என்று. நானும் பஸ் ஏறிப் போய்ப் பீஸ் கட்டையைப் பிடுங்கி மெல்லிய கம்பி சுற்றிவிட்டு வருவேன். பீஸ் போவது வியாதி இல்லை, வியாதிக்கு அடையாளம். ஒயரைத் தூணில் தோள் உயரத்தில் அடித்திருந்தார்கள். கூடை தூக்குகிறவர்கள் போகும்போதும் வரும்போதும் அதில் உரசி, ரப்பர் கிழிந்து, உள்ளே இரண்டு கம்பியும் அவ்வப்போது தொட்டுக்கொண்டன. ஒயரை மேலே ஏற்றிவிடலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். சீசன் முடியட்டும் என்றார்.

பிறகு கொஞ்ச நாள் அழைப்பே இல்லை. நல்ல வேலை செய்திருக்கிறோம் என்று நான் கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் பஸ் கண்டக்டர் இறங்கிவந்து, மண்டிக்காரர் உடனே வரச்சொன்னார் என்றார். போய் இறங்கினால் ஊரே இனிப்பாக மணக்கிறது. கொட்டகையின் கூரை பாதியைக் காணோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூடை தூக்குகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து சுட்ட மாம்பழத்தை ஊதி ஊதித் துன்னுக்கினு இருந்தார்கள். பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். கம்பி இருக்கவேண்டிய இடத்தில், கூரைக்கு அடிக்கிற ஆணி ஒன்று கம்பீரமாகப் படுத்திருந்தது.

மண்டிக்காரருக்கு என்மேல் ஒரு வருத்தமும் இல்லை. ஆணியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைப் போட்ட அப்புறம் பீஸ் ஒரு தபாகூட போகல அண்ணா. கொட்டாய்தான் போச்சு."

முறுக்கியது யார்

எதிர்க் கமிட்டியின் கூட்டத்துக்கும் எங்கள் மைக் செட்டுதான் போகும். சுப்பராயுடுவுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் நான் கட்டப் போகவேண்டியதாயிற்று. அவர்கள் காரியதரிசிக்கு என்னைத் தெரியும். நான் சிறைக்குப் போனதும் தெரியும். மேடையின்மேல், மைக்குக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி என்னை நிறுத்திவைத்தார். கை இரண்டையும் முன்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். ஜில்லாவில் ஓர் அங்குலமும் தமிழர்களுக்கு இல்லை என்று அடித்துச் சொல்லுகிற பேச்சை, பேசுகிறவருக்குப் பக்கத்திலேயே, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்று கேட்டேன். சிறையில்கூட எனக்கு இந்தத் தண்டனை கிடைத்ததில்லை.

பேச்சு சூடு பிடிக்கிற இடத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கரகரவென்றது, விக்கியது, நின்றது. கூட்டம் முழுக்க என்னைத்தான் பார்த்தது. துரோகம் என்று யாரோ தெலுங்கில் சொன்னது காதில் விழுந்தது. தோழர்களே, அரசாங்கத்தைக் கெடுக்க நான் முயற்சி செய்ததுண்டு. மைக்கை ஒரு நாளும் கெடுத்ததில்லை. அது தொழில்.

மைக்கைக் கழற்றி, அடியிலிருந்த பிளக்கைத் திறந்து காட்டினேன். உள்ளே பின்னில் ஈயம் வைத்த இடத்தில் ஒயர் இழை இழையாக அறுந்து ஒரே ஓர் இழையில் தொங்கியது. பேச்சாளருக்கு ஒரு பழக்கம். ஆவேசம் வர வர மைக் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே போவார். ஆவேசம் தணியும்போது அவிழ்ப்பார். அவர் ஆவேசம் தணியவே இல்லை. அடுப்புக் கரியில் சூட்டுக்கோலைக் காயவைத்து, அங்கேயே ஈயம் வைத்து, பிளக்கை மூடி, ஒயரை அவர் கைக்கு எட்டாமல் கம்பத்தோடு இறுக்கிக் கட்டினேன். குழாய் முழங்கியது. நம் பக்கத்துக்கு எதிராகத்தான் முழங்கியது, என்ன செய்வது. இவ்வளவு நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அவர் முறுக்கியது எப்படித் தெரியாமல் போயிற்று என்று காரியதரிசியைக் கேட்டேன். "மா வாடு முறுக்கறது தெரிஞ்சுதான் இருந்துச்சு. நம்ம ஆள்தானேன்னு விட்டுட்டேன். நீ எப்ப முறுக்கப் போறேன்னுதான் பார்த்துக்கினு இருந்தேன்."

தாசில்தாரின் ரேடியோ

ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் ஆள் விட்டு அனுப்பினார். வீட்டில் பெரிய ரேடியோ. மதராஸ் ஸ்டேஷன் கணீரென்று வருகிறது, தெலுங்கு பேசுகிற பெஜவாடா ஸ்டேஷன் மட்டும் தேனீ மாதிரி இரைகிறது. ரேடியோவுக்கு ஒயர் இழுத்தது எங்கள் கடை. இழுத்த கை என் கை. ஆகவே இது எல்லைச் சதி என்பது அவருடைய தீர்ப்பு. விசாரணை முடிந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

ரேடியோவின் எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே தோட்டத்துக்குப் போனேன். தண்ணீர்க் குழாயில் அதைக் கவ்வியிருந்த பட்டை துருப்பிடித்து, விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. கிட்டத்தில் இருக்கிற மதராஸ் ஸ்டேஷன் அதையும் மீறி வந்தது. தூரத்துப் பெஜவாடாவுக்கு அந்தத் தெம்பு இல்லை. குழாயை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, புதுப் பட்டை போட்டு முடுக்கினேன். தாசில்தார் குமிழை இந்தக் கோடிக்குத் திருப்பினார், அந்தக் கோடிக்குத் திருப்பினார். இரண்டும் ஒரே மாதிரி தெளிவாக வந்தன. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. சாய்வு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "ரெண்டும் சுத்தமா வருதேய்யா. சாயங்காலத்துல இனிமே நான் யாரைத் திட்டறது?"

பாகாலாவில் என் பெயர்

பாகாலா ஜங்ஷனில் எங்கள் கமிட்டிக் கூட்டம். இன்றைக்குக் கட்டாயம் உனக்கு ஐந்து நிமிடம் என்று வக்கீல் ஐயா ரயிலில் வரும்போதே சொல்லியிருந்தார். மைதானத்தில் கரண்ட் இல்லை. புளி மூட்டை ஏற்றிவந்து சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு லாரிக்காரரைக் கெஞ்சி, விளக்கு வைக்கிற வேளைவரை அவருடைய பேட்டரியை இரவல் வாங்கினேன். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. அதன் காதைக் கவ்வுகிற கிளாம்புதான் பச்சை பூத்து, வெடித்து, தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருந்தது. சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி ஒரு நிமிடம் பாடும், ஒரு நிமிடம் தூங்கும். டீக்கடையில் வெந்நீர் வாங்கி ஊற்றிக் கழுவி, கத்தியால் சுரண்டி, வெடித்த இடத்தில் ஈயத் தகட்டைச் சொருகி, செம்புக் கம்பியால் வரிந்து கட்டினேன். அன்றைக்குப் போல எங்கள் மைக் செட் என்றைக்கும் பேசியதில்லை. ரயில் ஊதினாலும் அதற்கு மேலே கேட்டது.

அதுதான் என் வினையாயிற்று. மைக் நன்றாக இருந்ததால் எல்லாரும் நீட்டிப் பேசினார்கள். மாலை போட்டவர் பேசினார், மாலை வாங்கியவர் பேசினார், மாலை வாங்கிக்கொண்டு வந்தவரும் பேசினார். கடைசியில் வக்கீல் ஐயா எழுந்து, சிறை கண்ட நமது தோழர் இப்போது உங்கள் முன்னால் என்று என் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரைக் குழாயில் கேட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு மேடை ஏறினேன். வாயைத் திறந்தேன். குழாய் செத்துப் போயிற்று. கீழே பார்த்தால் லாரிக்காரர் என் கம்பிக் கட்டை அவிழ்த்துவிட்டுப் பேட்டரியைத் தோளில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஐந்தே நிமிடம் என்று மேடையிலிருந்தே கும்பிட்டேன். விளக்கு வைத்தாகிவிட்டது, கடப்பைக்குப் போகவேண்டும் என்றார். கூட்டம் சிரித்தது. அவர் திரும்பி நின்று எனக்குத் தைரியம் சொன்னார்: "நீ பாட்டுக்குப் பேசு அண்ணா. நான் பேட்டரியைத்தான் எடுத்துக்கினு போறேன், உன் வாயை இல்லையே."

இரண்டு மேடை, ஒரு கடை

எல்லைத் தகராறைத் தீர்த்துவைக்க மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் வரப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. அவர் வருவதற்குள் பலத்தைக் காட்டிவிடவேண்டும் என்று இரண்டு கமிட்டியும் ஒரே மாலையில், ஒரே பஜார் தெருவில் கூட்டம் போட்டன. மேற்குக் கோடியில் எங்கள் மேடை, கிழக்குக் கோடியில் அவர்கள் மேடை, நடுவில் எங்கள் கடை. தெருவில் நம்பத்தக்க கரண்ட் கடையில்தான் இருந்தது. அதனால் இரண்டு பெட்டியையும் கடை மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மைக் ஒயர்கள் இரண்டு உள்ளே வந்தன. குழாய்க்குப் போகிற ஒயர்கள் கம்பத்துக்குக் கம்பம் கட்டிக்கொண்டு இரண்டு திசையிலும் போயின. எல்லாம் ஒரே சுருளில் வெட்டிய ஒயர். ஆகவே பெட்டியோடு சேருகிற நுனியில் மேற்குக்கு இரண்டு முடிச்சு, கிழக்குக்கு ஒரு முடிச்சு என்று போட்டுவைப்பது எங்கள் வழக்கம்.

அன்றைக்கு முதல் பேச்சே என்னுடையது என்றார் வக்கீல் ஐயா. ஜனங்கள் துண்டை உதறிப்போட்டு உட்கார்ந்துகொண்டிருக்கிற நேரம் அது. யார் பேசினாலும் யாரும் கேட்காத நேரம். எனக்கு அது தெரியும். இருந்தாலும் பாகாலாவுக்குப் பிறகு எனக்கு எந்த நேரமும் நல்ல நேரம்தான். நீ போய்ப் பேசு அண்ணா, ரெண்டு பெட்டியையும் நான் பார்த்துக்கறேன் என்றான் சுப்பராயுடு. கிழக்கே அவர்கள் பேச்சாளர் ஏற்கெனவே தொடங்கியிருந்தார்.

பெரியோர்களே, தாய்மார்களே என்று ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் போயிருக்கும். வைக்கோலைப் போர் மாதிரி ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி பஜார் தெருவில் நுழைந்தது. எங்கள் ஒயர் தாழ்வாகத் தொங்கிய இடத்தில் வைக்கோல் மாட்டி, நாலு ஒயரையும் பெட்டியிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போயிற்று. தெருவின் இரண்டு கோடியும் ஒன்றாக ஊமையாயின. நான் மேடையில் நின்றபடி, பழக்க தோஷத்தில் மைக்கை விரலால் தட்டினேன். ஒன்றும் இல்லை. சற்றுப் பொறுத்து மறுபடி தட்டினேன். தட் தட் என்று கேட்டது. கேட்டது என் தலைக்கு மேலே இல்லை, தெருவின் கிழக்குக் கோடியில். அதே நொடியில் என் தலைக்கு மேலே இருந்த குழாய் தொண்டையைச் செருமிக்கொண்டு தெலுங்கில் பேச ஆரம்பித்தது.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒயர் இடம் மாறிவிட்டது. பின்னாலிருந்து வக்கீல் ஐயா, போ, போய் ஒயரைப் பார் என்று முதுகில் இடித்தார். கடைக்கு ஓடி, இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி, மாற்றி முடுக்கிவிட்டு வர எவ்வளவு நேரமாகும்? ஆனால் நான் திரும்பி வரும்போது மைக்கில் வேறொருவர் நிற்பார். நான் மேடையின் கீழே நிற்பேன். தோளில் ஒரு தட்டு விழும். அடுத்த கூட்டத்தில் என்று. எனக்கு அது தெரியும். மைக் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு நான் மைக்காரன் இல்லை.

பேசினேன். இந்த ஏரிகளை வெட்டியவர்களைப் பற்றிப் பேசினேன். சந்தையில் ஒரு பாஷை, தாலுகா கச்சேரியில் ஒரு பாஷை, வீட்டில் ஒரு பாஷை என்று மூன்றாகக் கிழிந்து நிற்கிற எங்களைப் பற்றிப் பேசினேன். எந்தக் கொடி பறந்தாலும் சொந்த வீட்டில் விருந்தாளியாக இருக்கமாட்டோம் என்று பேசினேன். அத்தனையும் கிழக்குக் கோடியில் முழங்குவது எனக்கே நன்றாகக் கேட்டது. என் முன்னால் இருந்த ஜனங்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு தெலுங்குப் பேச்சைக் கேட்டார்கள். எங்கள் ஊரில் யாருக்குத் தெலுங்கு தெரியாது? பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் கையை ஓங்கும்போது அவர் குரல் ஏறியது. நான் இறக்கும்போது அவர் இறங்கினார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கைதட்டினார். யாருக்குத் தட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நன்றி, வணக்கம் என்று நான் முடித்ததும் கிழக்கே படபடவென்று கைதட்டல் எழுந்தது. என் வாழ்நாளில் எனக்கு விழுந்த முதல் கைதட்டல், நான் எதிர்பார்த்த திசையைத் தவிர்த்து மற்ற திசையிலிருந்து வந்தது.

வக்கீல் ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இறங்கிக் கடைக்கு நடந்தேன். சுப்பராயுடு இப்போதுதான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்து ஒயர்களை மாற்றிக்கொண்டிருந்தான். முடிச்சுப் போட்ட நுனிகள் எல்லாம் வைக்கோலோடு போய்விட்டன. மிச்ச ஒயரை இழுத்து, கைக்கு வந்தபடி மாட்டி, சத்தம் வருகிறதா என்று இரண்டு பக்கமும் குரல் கொடுத்துக் கேட்டிருக்கிறான். வருகிறது என்று இரண்டு பக்கமும் சொல்லியிருக்கிறார்கள். யாருடைய சத்தம் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. அவர்கள் காரியதரிசி வந்து திட்டிவிட்டு அப்போதுதான் போயிருந்தார். சரி, என் குரல் எந்தக் கோடியில் கேட்கிறது என்று உனக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்திருக்குமே, உடனே ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "தெரிஞ்சுது அண்ணா. அவுத்தா உன் பேச்சு நடுவுல அறுந்துடும். எத்தினி வருசமா அலைஞ்சு இன்னிக்குப் பேசறே, முடிக்கட்டும்னு விட்டேன். எங்க ஆளுங்க ஒருத்தன்கூட எழுந்துக்கலை. உங்க ஆளுங்களுக்கு மட்டும் கேட்டிருந்தா பாதியிலேயே துண்டை உதறிக்கினு போயிருப்பாங்க."

கடைசியில் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது, எங்கள் கோரிக்கையில் பாதி ஒயரிலேயே அறுந்துபோயிற்று. எதிர்க்கட்சிக்காரன் கை வைக்காமல் விட்ட ஒரு தப்பான கனெக்‌ஷன் மட்டும்தான் இத்தனை வருஷப் போராட்டத்தில் எனக்கு ஒழுங்காக வேலை செய்தது.